கடையில் கொடுத்த சாமான் இன்னும் உங்களுடையதுதான்: 'விற்றுத்தரும்' கடைகள் இயங்கும் விதம்

பாவித்த சாமானைக் கடையில் கொடுத்துக் காசாக்குவது பற்றி வன்னியில் நாலு பேர் கதைத்தால் நாலு விதமாகக் கதைப்பார்கள். "மெசினைக் கடைக்கு வித்திட்டன்" என்பார் ஒருவர். "கடையிலை போட்டிருக்கு" என்பார் அடுத்தவர். "ரெண்டு மாசமாக் கடைக்காரன் வச்சிருக்கிறான், ஒரு சதமும் தரேல்லை" என்று மூன்றாமவர் கோபப்படுவார். விசாரித்துப் பார்த்தால் எல்லோரும் ஒரே மாதிரியான பேச்சின் பேரில்தான் சாமானைக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் ஆளுக்கொரு மாதிரி விளங்கிக்கொண்டிருப்பார்கள்.

இது இப்போது அடிக்கடி கேட்கிற கதையாகிவிட்டது. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின், தண்ணீர்ப் பம்பு, சைக்கிள் என்று நிறையச் சாமான்கள் வந்தன. சிலர் அவற்றை வைத்தே நிமிர்ந்தார்கள். சில வீடுகளில் மெசின் சீலை போர்த்தியபடி மூலையில் நிற்கிறது. பிள்ளைகள் வளர்ந்து, தொழில் மாறி, சிலர் வெளிநாடு போய்விட்ட பிறகு அவையெல்லாம் விற்க வேண்டிய சாமான்கள். இன்னொரு பக்கம் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள், உடுப்பிலிருந்து குதிரைச் சேணம் வரை 'கொன்சைன்மன்ட்' கடையில் கொடுத்து விற்கும் கதையைப் போனில் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே முறைதான். இந்தக் கட்டுரையில் அதை 'விற்றுத்தரும் முறை' என்று சொல்லிக்கொள்வோம்.

ஒரு மெசின், நாலு வழி

வீட்டில் பாவிக்காமல் நிற்கும் ஒரு தையல் மெசினைக் காசாக்கப் பொதுவாக நாலு வழி உண்டு.

ஒன்று, கடைக்கு நேரடியாக விற்பது. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "பதினெட்டாயிரம் தரலாம்" என்கிறார். காசை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். அடுத்த நாளே அவர் அதை 35,000க்கு விற்றாலும் நீங்கள் கேட்க முடியாது. ஒரு வருஷம் தூசி பிடித்துக் கிடந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை.

இன்னொன்று அடகு. இது விற்பனையே இல்லை, கடன். பொருள் பிணையாகப் போகிறது. முதலையும் வட்டியையும் கட்டினால் மீட்கலாம். நகைக்கு இது நம் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் விளக்கத் தேவையில்லை.

தரகர் வழியாக விற்கும்போது சாமான் உங்கள் முற்றத்திலேயே நிற்கும். அவர் ஆளைக் கூட்டிவருவார், விலை பொருந்தினால் தரகுக்காசு வாங்குவார். மாடு, காணி, லான்ட்மாஸ்டர் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகின்றன.

கடைசி வழிதான் நம் விஷயம். விற்றுத்தரும் முறையில் சாமான் கடைக்குப் போகிறது, உடைமை போவதில்லை. உடைமை என்றால் 'இது என்னுடையது' என்று சொல்லும் உரிமை. கடை அதைக் காட்சிக்கு வைத்து, ஆள் பிடித்து, விற்கிறது. விற்ற காசில் தன் கொமிசனைக் கழித்துக்கொண்டு மீதியை உங்களிடம் தருகிறது. விற்காவிட்டால் சாமான் உங்களிடம் திரும்பி வருகிறது.

மேலே மூன்றாமவர் கோபப்பட்டாரே, அவருக்கு நடந்தது இதுதான். சாமானை இந்த வழியில் கொடுத்துவிட்டு, முதல் வழியில் விற்றவர் மாதிரிக் காசை எதிர்பார்த்திருக்கிறார்.

பட்டியில் விட்ட மாடு

வன்னியில் இதை விளக்க மாட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. உங்களுடைய பசுவைப் பட்டிக்காரர் ஒருவரிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடுகிறீர்கள். மாடு நிற்பது அவர் பட்டியில், மேய்ப்பதும் கட்டுவதும் அவர். ஈன்ற கன்றுகளில் பேசிக்கொண்டபடி அவருக்கு ஒரு பங்கு. இதனால் மாடு அவருடையதாகிவிடுமா? அதன் உடம்பில் இருப்பது உங்கள் குறி. பட்டிக்காரருக்குக் கடன்காரர் ஒருவர் வந்து நின்றாலும், "அந்த மாடு என்ரை" என்று குறியைக் காட்டி ஓட்டிக்கொண்டு வரலாம்.

கடையில் நிற்கும் உங்கள் மெசினும் அப்படித்தான். இடம் கடையினுடையது, மெசின் உங்களுடையது. ஆனால் மெசினில் யாரும் குறி சுடுவதில்லை. அந்த வேலையை ஒரு துண்டுக் கடதாசிதான் செய்ய வேண்டும். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

மாட்டுக்கும் மெசினுக்கும் ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. பட்டிக்காரருக்கு மாட்டை விற்கும் அதிகாரம் கிடையாது. கடைக்காரருக்கு உங்கள் சாமானை விற்கும் அதிகாரத்தை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். இதன் விளைவு பலருக்குத் தெரியாது, அதற்கும் வருவோம்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால், விற்கும்வரை சாமான் உங்களுடையது. ஆகவே விற்காமல் கிடக்கும் நட்டமும் உங்களுடையது. கடை போடுவது இடமும் உழைப்பும், நீங்கள் போடுவது சாமானும் பொறுமையும்.

குதிரைச் சேணத்துக்கு ஏன் இப்படி ஒரு கடை?

இந்த முறை எந்தச் சாமானுக்கு நன்றாகப் பொருந்தும் என்று பார்க்க, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாமானை எடுத்துக்கொள்வது நல்லது. வன்னியில் குதிரை என்றால் கோயில் குதிரை வாகனம்தான். வடக்கில் உயிருள்ள குதிரை பார்க்க நெடுந்தீவுக்குப் போக வேண்டும், அவை சேணம் காணாத காட்டுக் குதிரைகள். ஆனால் கனடாவில் இருக்கும் மச்சாளின் மகள் குதிரையோட்டம் பழகினாள், வளர்ந்ததும் சேணம் அவளுக்குச் சிறிதாகிவிட்டது. மச்சாள் அதைக் கடையில் கொடுத்து விற்ற கதையைக் கேட்டபோதுதான், அங்கே இந்த முறை ஏன் இவ்வளவு ஊன்றியிருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

வெளியே பார்த்தால் சேணம் ஒரு தோல் இருக்கை. உள்ளே அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, மரத்தாலோ பிளாஸ்டிக் போன்ற பொருளாலோ செய்தது. ஆளின் பாரத்தைக் குதிரையின் முதுகு முழுக்கப் பரப்பிவிடுவது அந்தச் சட்டம்தான். குதிரைக்குக் குதிரை முதுகின் அகலமும் வளைவும் மாறும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எழும்பி நிற்கும் எலும்பு சிலதுக்கு உயரம், சிலதுக்குத் தட்டை. ஆகவே சட்டத்திலும் ஒடுக்கம், நடுத்தரம், அகலம் என்று வகைகள் வருகின்றன. இருக்கையின் நீளம் ஆளுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். ஆங்கிலேய முறைச் சேணத்தில் அதை அங்குலத்தில், அரை அரையாக அளக்கிறார்கள், பெரியவர்களுக்கு 16 முதல் 18 வரை பொதுவான அளவு. ஆக, ஒரு சேணம் இரண்டு உடம்புக்குப் பொருந்த வேண்டும், ஆளுக்கும் குதிரைக்கும். படத்தைப் பார்த்தோ அளவைக் கேட்டோ இது முடிவாகாது. குதிரையின் முதுகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் கடை தேவைப்படுகிறது. வாங்க வருபவர் முழு விலையையும் கடையில் கட்டிவிட்டு, அல்லது வங்கி அட்டையில் அந்தத் தொகையைப் பிணையாக விட்டுவிட்டு, சேணத்தைச் சில நாட்களுக்குக் கொண்டுபோகலாம். குதிரைக்குப் பொருந்தாவிட்டால் திருப்பித் தரலாம். அந்த நாட்களில் தோலில் கீறல் விழக்கூடாது என்பதற்காக, ஏறுபவர் கால் வைக்கும் அங்கவடி தொங்கும் தோல்வாருக்குப் பழைய காலுறையை மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று சில கடைகள் கண்டிப்பாகச் சொல்லுமாம். மச்சாள் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இதே வேலையை அவள் தானே செய்வதென்றால் முன்பின் தெரியாத ஒருவர் கையில் ஆயிரம் டொலர்ச் சாமானைக் கொடுத்தனுப்ப வேண்டும். பேஸ்புக்கில் விற்றால் கொமிசன் மிச்சம்தான், நித்திரை போய்விடும்.

பாவித்த சேணத்தைக் கடை ஏற்கும் முன் நன்றாகச் சோதிக்கும். உள்ளே சட்டம் உடைந்திருந்தால் வெளித்தோல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது குதிரைக்குக் காயம் செய்யும். சேணத்தின் முன்பக்கத்தைத் தொடையிலோ வயிற்றிலோ அண்டக்கொடுத்து, பின்பக்கத்தைத் தன்னை நோக்கி இழுத்துப் பார்ப்பார்கள். இருக்கை நடுவில் மடிந்தாலோ, கிரீச்சென்று முனகினாலோ சந்தேகம். பின்னால் நின்று பார்த்து முறுக்கல் இருக்கிறதா என்று கவனிப்பார்கள். வயிற்றுப்பட்டியை மாட்டும் வார்களின் தையலை இழுத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் அது அறுந்தால் ஆள் விழுவார். ஜேர்மனியின் ஸ்டூபன், பாசியர் போன்ற பழைய பெயர்களுக்கு மதிப்பு அதிகம் (பாசியர் 1867இலும் ஸ்டூபன் 1894இலும் தொடங்கியவை). பல சேணங்களில் தோல்மடிப்புக்குள்ளே தொடரிலக்கம் பொறித்திருக்கும். பொருளை அடையாளம் காட்ட அது உதவும்.

இவ்வளவையும் ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், அங்கே கடை எடுக்கும் கொமிசன் வெறுமனே இடவாடகை அல்ல. சோதிப்பு, பொருத்தம் பார்க்கும் அறிவு, பரீட்சித்துப் பார்க்கக் கொடுத்தனுப்பும் பொறுப்பு, திரும்பி வந்ததை மறுபடி துடைத்து வைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். 20 முதல் 40 வீதம் வரை கேட்டாலும் ஆட்கள் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, நம் தையல் மெசினுக்கு வருவோம். அதைச் சோதிக்க எவ்வளவு நேரம்? நூலைக் கோர்த்து, பொபினைப் போட்டு, துணி ஒன்றை இரட்டையாக மடித்து ஒரு கோடு அடித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கத் தேவையில்லை. ஆகவே தையல் மெசினுக்கு ஒரு கடை 40 வீதம் கேட்டால், "அதுக்கு என்ன வேலை செய்யப்போறியள்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. மெசினைத் திருத்தி, எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, ஒரு மாத உத்தரவாதமும் கொடுக்கிறார் என்றால் அது வேறு. சும்மா கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி வைக்க அவ்வளவு கொடுப்பது, என்னைக் கேட்டால், அநியாயம்.

கொமிசன் கணக்கு: பலர் இடறும் இடம்

கொமிசன் எதன் மேல் கழிக்கப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் விலை சொல்வதுதான் அதிகம் நடக்கும் பிழை. பொதுவாக அது விற்ற விலையின் மேல். நீங்கள் எழுதிய விலையின் மேலும் அல்ல, கைக்கு வர வேண்டும் என்று நினைத்த தொகையின் மேலும் அல்ல.

கொமிசன் 30 வீதம் என்று வைப்போம். உங்களுக்குக் கையில் 30,000 ரூபாய் வேண்டும். பெரும்பாலானோர் என்ன செய்வார்கள்? 30,000இன் 30 வீதம் 9,000, இரண்டையும் கூட்டினால் 39,000 என்று விலை சொல்வார்கள். 39,000க்கு விற்றதும் கடை அதில் 30 வீதம், அதாவது 11,700 கழிக்கும். உங்களுக்கு வருவது 27,300. உடனே "கடைக்காரன் ரெண்டாயிரத்தெழுநூறு அடிச்சிட்டான்" என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். அவர் ஒன்றும் அடிக்கவில்லை.

சரியான கணக்கு இப்படி. 30 வீதம் போனால் உங்களுக்கு நிற்பது 70 வீதம். அந்த 70 வீதம் 30,000 ஆக வேண்டும். ஆகவே 30,000ஐ 70ஆல் பிரித்து 100ஆல் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 42,860. விலையை 43,000 என்று எழுதினால் 30,100 கையில் வரும்.

நம்மூரில் வேறொரு பேச்சும் உண்டு: "எனக்குக் கையிலை முப்பது வந்தாக் காணும், மேலை வாறதை நீங்கள் எடுங்கோ." கேட்க நல்ல பெருந்தன்மையாக இருக்கும். இந்த ஏற்பாட்டில் கடை 50,000க்கு விற்றாலும் உங்களுக்கு 30,000தான், அதைக் குறை சொல்லவும் முடியாது, நீங்களே சம்மதித்தது. இன்னொரு பக்கம், கூடுதல் இலாபத்துக்காகக் கடைக்காரர் விலையை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். காத்திருப்பது அவருக்கு இலேசு, மெசின் அவருடையது அல்லவே. வீதக் கணக்கில் இரண்டு பேருக்கும் ஒரே பக்கம்தான் நன்மை, கூட விற்றால் இருவருக்கும் கூட. அதனால் நான் எப்போதும் வீதக் கணக்கையே சொல்வேன்.

மரக்கறிச் சந்தையில் கழிவு கழிப்பதும் அடிப்படையில் இதே முறைதான். தோட்டக்காரர் கத்தரிக்காயைக் கொண்டுவந்து கொடுக்கிறார், முகவர் விற்றுவிட்டுத் தன் பங்கைக் கழித்து மீதியைத் தருகிறார். கத்தரிக்காய் நாளைக்கு வாடிவிடும் என்பதால் அங்கே தோட்டக்காரருக்குப் பேரம் பேச நேரமில்லை. தையல் மெசின் வாடாது. அந்தப் பலத்தைப் பாவியுங்கள்.

தவணை, விலை இறக்கம், கடைசி விலை

கடை உங்கள் சாமானைக் காலமெல்லாம் வைத்திருக்காது. தவணை என்பது சாமான் கடையில் நிற்கும் காலம், சேணக் கடைகளில் 60 நாள், 90 நாள் என்பது போல இருக்கும். அதற்குள் போகாவிட்டால் விலையைப் படிப்படியாகக் குறைப்பார்கள். அதுதான் விலை இறக்கம். எவ்வளவுக்குக் கீழே உங்களைக் கேட்காமல் இறக்கக்கூடாது என்று நீங்கள் சொல்லி வைக்கும் எல்லையைக் 'கடைசி விலை' என்போம்.

கடைசி விலை சொல்லாமல் கொடுத்தால் என்ன ஆகும்? 43,000 என்று எழுதிய மெசின், முதல் மாதம் முடிந்ததும் 10 வீதம், இரண்டாம் மாதம் முடிந்ததும் எழுதிய விலையில் மொத்தம் 20 வீதம் என்று இறங்கினால் 34,400க்கு நிற்கும். அதற்குப் போனால் உங்கள் கைக்கு 24,080. முப்பதாயிரத்தை மனதில் வைத்திருந்தவருக்கு இது அதிர்ச்சிதான். கடைசி விலை 38,000 என்று முதலிலேயே எழுதியிருந்தால் கடை உங்களுக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

காலமும் முக்கியம். கனடாவில் பனி உருகி வசந்தம் வரும்போது குதிரையோட்டக்காரர்கள் வெளியே வருவார்கள், அந்த நேரத்தில் சேணம் தேடும் ஆட்களும் கூடும். இங்கே காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நெல் விற்ற காசு கையில் புரளும். தண்ணீர்ப் பம்புக்கு வெயில் ஏறும் காலம். தையல் மெசினுக்குத் தீபாவளி, தைப்பொங்கலுக்கு முன்னும், பள்ளிக்கூடச் சீருடைத் துணி பிள்ளைகளின் கைக்கு வரும் காலத்திலும் கேள்வி கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பம்பைக் கொண்டுபோய்க் கடையில் வைத்தால் தவணை வீணாகும். தோல் சாமானாக இருந்தால் அந்த ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கும்.

சுருக்கமாக, கொடுக்கும் முன் நாலு விஷயம் பேச வேண்டும்: எத்தனை வீதம், எத்தனை நாள், எப்போது எவ்வளவு இறக்கம், கடைசி விலை என்ன.

விற்ற பிறகு: காசை யாரிடம் கேட்பது?

இப்போது அந்த மாட்டுக்கும் மெசினுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருவோம். கடைக்கு விற்கும் அதிகாரத்தை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். கடை உங்கள் மெசினைப் புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு விற்றுவிட்டது. அவர் காசைக் கட்டிவிட்டார். கடை உங்களுக்குக் காசு தரவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மெசினைத் தூக்கி வரலாமா?

முடியாது. விற்கும் அதிகாரம் உள்ளவரிடம், விலை கொடுத்து, நேர்மையாக வாங்கியவர் அவர். மெசின் இப்போது அவருடையது. உங்களுக்குக் காசு தர வேண்டியவர் கடைக்காரர், உங்கள் வழக்கு அவரோடுதான். பலர் இதை ஏற்க மறுப்பார்கள், "என்ரை சாமான்தானே" என்பார்கள். விற்கும்வரைதான் அது உங்கள் சாமான். விற்ற நிமிடத்திலிருந்து உங்களுக்கு இருப்பது சாமான் அல்ல, வரவேண்டிய காசு.

அதனால்தான் காசு தரும் நாளைப் பேசி வைக்க வேண்டும் என்கிறேன். "வித்தாப் பிறகு தாறன்" என்பது நாள் அல்ல. விற்று ஒரு கிழமைக்குள், அல்லது அடுத்த மாதம் 10ஆம் திகதி என்று இருக்க வேண்டும். பரீட்சித்துப் பார்க்கக் கொடுக்கும் சாமான் என்றால் அந்த நாட்கள் கழியும்வரை கடை காசைப் பிடித்து வைப்பது நியாயம்தான், வாங்கியவர் திருப்பித் தரக்கூடும் அல்லவா.

பரீட்சித்துப் பார்க்கக் கொண்டுபோனவர் ஒன்றும் சொல்லாமலே வைத்துக்கொண்டால்? இலங்கையில் இதற்கு 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் விடை வைத்திருக்கிறது. பிடித்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் திருப்பித் தரலாம் என்று கொடுத்த பொருளை, குறித்த தவணை கடந்தும் வேண்டாமென்று சொல்லாமல் ஒருவர் வைத்திருந்தால், அவர் அதை வாங்கியவராகவே கொள்ளப்படுவார். தவணை குறிக்கவில்லை என்றால் நியாயமான காலம் என்று பார்க்கப்படும். 'நியாயமான காலம்' எது என்று வாதாடுவதைவிடத் திகதியை எழுதிவிடுவது நல்லது.

அந்தத் துண்டுக் கடதாசி

வாய்ப்பேச்சில் எல்லாம் நடக்கும் ஊர் நம்மூர். கடைக்காரர் தெரிந்தவர், ஒரே கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள், கடதாசி கேட்டால் மனம் நோகும் என்று யோசிப்பீர்கள். ஆனால் கடைக்காரர் நல்லவராக இருந்தும் கஷ்டம் வரலாம். அவர் கடனில் விழலாம், கடை கைமாறலாம், அவரே காலமாகலாம். அப்போது உள்ளே நிற்கும் பத்து மெசினில் எது கடையினுடையது, எது உங்களுடையது என்று யார் சொல்வது?

பற்றுச்சீட்டில் முதலில் தெளிவாக இருக்க வேண்டியது 'விற்றுத்தருவதற்காகப் பெற்றுக்கொண்டது, உடைமை கொடுத்தவருடையது' என்ற பொருள் தரும் ஒரு வரி. 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் இருந்தால் விற்றதாகவும் வாசிக்கலாம், அடகாகவும் வாசிக்கலாம். அடுத்தது பொருளின் அடையாளம். 'தையல் மெசின் 1' என்றால் போதாது. நிறுவனப் பெயர், நிறம், காலால் மிதிப்பதா மோட்டாரா, உடலில் பொறித்த தொடரிலக்கம், ஏற்கெனவே உள்ள கீறல், உடைவு எல்லாம் வேண்டும். மெசினைப் போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள், தொடரிலக்கத்தைக் கிட்ட வைத்து ஒன்று. அதோடு மேலே சொன்ன வீதம், தவணை, இறக்கம், கடைசி விலை, காசு தரும் நாள். இரண்டு பேரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி.

நெருப்பு, களவு, மழை ஒழுக்கு வந்தால் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டுக் கடைகளின் ஒப்பந்தங்களிலேயே 'இழப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்ற வரி சிறிய எழுத்தில் இருப்பதுண்டு. இங்கே எழுத்தே இருக்காது. உடைமை உங்களுடையது என்பதால், வேறு பேச்சு இல்லாவிட்டால் நட்டம் உங்கள் தலையில் விழக்கூடும். கடையின் கவனக்குறைவால் போனது என்று காட்டினால் கேட்கலாம், ஆனால் காட்டுவது இலேசான வேலை இல்லை.

தவணை முடிந்து விற்காத சாமானை நீங்கள் போய் எடுக்காவிட்டால் என்ன என்பதும் ஒரு வரி. குறித்த நாட்களுக்குள் எடுக்காவிட்டால் பொருள் கடைக்கே சொந்தம் என்று எழுதும் கடைகள் உண்டு. மாங்குளத்தில் இருந்துகொண்டு வவுனியாக் கடையில் கொடுத்தவர், பஸ்ஸில் மெசினை ஏற்றிவரச் சோம்பல்பட்டு நாளைக் கடத்தினால் உடைமையையே இழக்கலாம்.

மோட்டார் சைக்கிளையும் இப்படிக் கொடுக்கலாமா?

கொடுக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மறுபடி திறக்கும்வரை புதிய வண்டிகளின் வரத்து குறைந்திருந்ததால் பாவித்த மோட்டார் சைக்கிளுக்கு நல்ல கேள்வி இருந்தது. அப்போது கடை வாசலில் வண்டியை நிறுத்தி விற்றுக்கொடுக்கும் பழக்கமும் பரவியது. ஆனால் வாகனத்துக்கு மேலே சொன்னது மட்டும் போதாது, பதிவு ஒன்று இருக்கிறது. கடைக்காரர் வசதிக்காகக் கேட்கிறார் என்று, வாங்குபவரின் பெயர் எழுதாத மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுக்காதீர்கள். நம்மூரில் 'ஓப்பன் பேப்பர்' என்கிறோமே, அதுதான். வண்டி மூன்று கை மாறிய பிறகும் பதிவில் உங்கள் பெயரே நிற்கும், விபத்து நடந்தால் பொலிஸ் முதலில் தேடி வருவது உங்களை. வாங்குபவர் வந்து நிற்கும் நாளில் நீங்களும் போய்க் கையெழுத்து வைத்து, அன்றே ஒரு பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

லீசிங் முடியாத வண்டி என்றால் பேச்சே வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் முழு உரித்தாளராக நிற்பது லீசிங் நிறுவனம், விற்றுத்தரச் சொல்லிக் கொடுக்க அந்த வண்டி இன்னும் உங்களுடையது ஆகவில்லை.